ஜானகி அம்மாளும் கோவைக் கரும்பும்: கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தாவரவியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. மகிழ்ச்சி. கோவையில் இருந்து வேலை பார்த்த ஒரு பெரிய விஞ்ஞானியின் பெயர்கூட இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆனால் கட்டுரையின் தலைப்பும் முதல் பத்தியும் அவரை ‘இந்தியக் கரும்பைத் தித்திக்க வைத்தவர்’ என்கின்றன. பள்ளி ஆண்டு மலரில் தொடங்கி வாட்ஸ்அப் வரை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி நிலைத்துப்போன பிழை இது. கரும்பு இனப்பெருக்கத்தில் வேலை செய்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. செய்யாத வேலையை அவர் தலையில் ஏற்றி வைத்தால், செய்த வேலை யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

முதலில் ஆண்டுக் கணக்கு. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் சி.ஏ. பார்பர், அவரைத் தொடர்ந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். ‘வெள்ளை’ என்ற பருமனான கரும்பைத் தாயாகவும், கரும்பின் காட்டு உறவான கோவை வட்டார நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்து எடுத்த ‘கோ 205’ 1918-இல் வெளிவந்தது. அது போனது பஞ்சாப் பக்கத்துக்கு. அந்த ஆண்டு ஜானகி அம்மாளுக்கு 21 வயது, சென்னையில் மாணவி. 1921-இல்தான் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடிக்கிறார். பிறகு பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் முனைவர் பட்டம் பெறுகிறார். (அந்த பார்பர் வேறு, நம் கரும்பு பார்பர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதியவர்களும் உண்டு.) திருவனந்தபுரத்தில் இரண்டாண்டு பேராசிரியராக இருந்துவிட்டு, கோவை நிலையத்துக்கு மரபியலாளராக வந்தது 1934-இல். கோ 205-க்கு அப்போது 16 வயது ஆகிவிட்டது.

இரண்டாவது, இனிப்பு. நாணலோடு சேர்த்ததால் கரும்பு இனித்தது என்பது தலைகீழ்ப் பாடம். இனிப்பு முன்பே பருமன் கரும்பில் இருந்தது. தென்னாட்டிலும் ஜாவாவிலும் விளைந்த அந்தக் கரும்பு, வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காது; செவ்வழுகல் நோய்க்கும் சீக்கிரம் விழும். அங்கே விளைந்தது விரல் பருமனுள்ள நாட்டுக் கரும்பு. தாக்குப்பிடிக்கும், சாறு குறைவு. நாணலிடமிருந்து வாங்கியது வேர்ப்பிடிப்பு, தூர் கட்டும் குணம், நோய் தாங்கும் சக்தி, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வெடித்துக் கிளம்பும் தெம்பு. இன்று கோபி, சத்தியமங்கலம் பக்கம் ஒரு நடவுக்குப் பிறகு இரண்டு மூன்று கட்டைக்கரும்பு எடுக்க முடிகிறதென்றால் அது நாணல் கொடுத்த சொத்து. இனிப்பைப் பொறுத்தவரை நாணல் கெடுதல்தான் செய்யும். முதல் கலப்பில் பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) இறங்கும், தடி மெலியும், நார் கூடும். அதைச் சரிக்கட்டத்தான் பிறந்த பிள்ளைகளை மறுபடி மறுபடி பருமன் கரும்போடு சேர்க்கிறார்கள்.

அப்படியானால் ஜானகி அம்மாள் என்னதான் செய்தார்? அதைச் சொல்ல, கரும்பில் கலப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கரும்பு பூத்தால் தோட்டக்காரருக்கு நட்டம். ‘பூ வந்துருச்சுங்க, சீக்கிரம் வெட்டோணும்’ என்று ஆலைக்கு நடையாக நடப்பார்கள். நாளானால் தடியின் நுனிப்பக்கம் நெட்டிபோல ஆகிவிடும். இனப்பெருக்கம் செய்பவருக்கு அந்தப் பூங்கதிர்தான் மூலதனம். வட இந்தியாவில் பெரும்பாலான ரகங்கள் ஒழுங்காகப் பூப்பதில்லை, பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோவையில் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து விதையும் கட்டும். நாட்டுக்கே கரும்பு கொடுக்கும் நிலையம் இங்கே வந்ததன் முதல் காரணம் இதுவே. இன்றும் பல மாநில ஆராய்ச்சி நிலையங்கள் தங்களுக்கு வேண்டிய இனக்கலப்பைக் கோவையில் செய்து, விதைப் பஞ்சை எடுத்துப் போகின்றன.

ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான பூக்கள். ஒவ்வொன்றும் நெல்மணியில் பாதி. ஆண் பகுதியை, கத்தரிச் செடிக்கும் பருத்திக்கும் செய்வதுபோல, இடுக்கியால் பிடுங்கித் தாயாக்குவது இங்கே நடக்காத காரியம். ஆகவே மகரந்தம் மலடாக உள்ள ரகத்தைத் தேடித் தாயாக வைப்பார்கள். சோதனை எளிது. விடிகாலையில் பூவின் மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் உதிர்த்து ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மாவுச்சத்து நிரம்பிய நல்ல மகரந்தம் நீலக்கறுப்பாகும். மலட்டு மகரந்தம் வெளிறிய மஞ்சளாகவே கிடக்கும். பெரும்பகுதி மஞ்சளாக இருந்தால் அது தாய். கறுப்பாக நிறைந்திருந்தால் தந்தை.

தாய்க்கதிர் விரியும் முன்பே சட்டம் கட்டிய துணிக்கூண்டால் மூடிவிட வேண்டும். பூ நுனியிலிருந்து கீழ்நோக்கி விரியும்; முழுக்கதிரும் விரிந்து முடிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். தந்தைக்கதிரைத் தாய்க்கதிருக்குச் சற்று மேலே இருக்கும்படி கட்டி, காலையில் மெல்ல உலுக்கினால் மகரந்தம் கீழே இறங்கும். வெட்டிய கதிர் வாடிவிடும் என்பதால் அடிக்கடி புதுக்கதிர் மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்கக் கோவையில் கையாண்ட வழி விண்பதியம். பூப்பதற்குச் சில வாரம் முன்பே தடியின் அடிக்கணுக்களைச் சுற்றி ஈரமண் கட்டி வேர்விட வைத்து, பிறகு வெட்டிக்கொண்டு வந்து, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வது. வேர் இருப்பதால் கதிர் வாடாது. இரண்டு மூலையில் நிற்கும் இரண்டு ரகத்தை ஒரே கூண்டுக்குள் சேர்த்துவிடலாம்.

கெடுவது எங்கே என்றால், முதலில் மழை. பூப்பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. காற்றில் ஈரம் இறங்காவிட்டால் மகரந்தப்பை வெடிக்காது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனாலும் மகரந்தம் மலடாகிக்கொண்டே வரும். பை வெடித்த பிறகு மகரந்தம் உயிரோடு இருப்பது நிமிடக் கணக்கில்தான். டப்பாவில் அள்ளி வைத்து மதியம் தூவலாம் என்று நினைப்பது வீண். நாணலோ கரும்புக்கு முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே பூத்து முடிந்துவிடும். அதைத் தாமதப்படுத்த இரவில் விளக்கு வைத்துப் பகலை நீட்டிக் காட்டுவார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் நாலு வாரத்தில் விதை முற்றி, கதிர் நுனியிலிருந்து பஞ்சாக உதிரத் தொடங்கும். காற்று அள்ளிப்போகும் முன் பை கட்ட வேண்டும். விதை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. பஞ்சோடு சேர்த்தே தட்டில் பரப்பி, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் லேசாக அழுத்தி, பூவாளியால் தூறல்போல் நீர் விட்டால் மூன்று நாளில் முளை காணும். அடர்த்தியாகத் தூவினால் நாற்று அழுகும். சாதாரண அறையில் சில வாரம் போட்டு வைத்தாலே முளைப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நாற்று உண்மையிலேயே கலப்புப் பிள்ளையா என்பது அடுத்த கேள்வி. மலட்டுத் தாயிலும் நூற்றில் சில மகரந்தம் உயிரோடு இருக்கும். அது தன்மேலேயே விழுந்து பிறந்த நாற்று பார்வைக்குக் கலப்புப்போலவே நிற்கும். இலையைப் பார்த்து, தடியைப் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம். உறுதியாகச் சொல்ல அன்றைக்கு இருந்த ஒரே வழி, செல்லுக்குள் மரபுக்கூறுகளைத் தாங்கி நிற்கும் குரோமோசோமை எண்ணுவது. கோவையில் ஜானகி அம்மாளின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

பருமன் கரும்பில் 80 குரோமோசோம். கோவை நாணலில் 64. பள்ளிக்கணக்குப்படி தாயிலிருந்து 40, தந்தையிலிருந்து 32 வந்து பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். ஆனால் கோ 205-இல் இருப்பது 112. தாய் தன் 80-ஐயும் பாதியாக்காமல் அப்படியே கொடுத்துவிடுகிறாள். தந்தை மட்டும் 32 கொடுக்கிறான். இந்த விநோதத்தை ஜாவாவில் இருந்த டச்சுக்காரர் பிரெமர் 1920களிலேயே காட்டியிருந்தார். அந்தப் பெருமையையும் ஜானகி அம்மாளுக்கு எழுதிவிடக் கூடாது. இவர் செய்தது, இந்திய நாணல்களை இடம் இடமாகத் தருவித்து ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் என்னவென்று வரிசைப்படுத்தியது. அது 1936-இல் கட்டுரையாக வந்தது. நாணல் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே எண்ணிக்கை கொண்ட செடி அல்ல. உலகம் முழுவதும் எடுத்தால் 40-லிருந்து 128 வரை போகிறது. கலப்புக்கு எந்த ஊர் நாணலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் கணக்கே மாறும். மேலே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் புல்லுக்குள் இத்தனை வகை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், காட்டு நாணலைத் திட்டம் போட்டுச் சேகரிப்பதற்கு அர்த்தம் வந்தது.

அடுத்தது இன்னும் துணிச்சலானது. கரும்பை அதன் இனத்துக்கு வெளியே உள்ள புற்களோடு சேர்ப்பது. சோளம், தர்ப்பை இனம், மக்காச்சோளம் என்று முயன்றார்கள். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த செடியைப் பற்றி 1938-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதினார். இத்தகைய தூரத்துக் கலப்பில் நூற்றுக்கணக்கான பூவுக்கு மகரந்தம் தூவினாலும் ஒன்றிரண்டு நாற்றுத்தான் மிஞ்சும். மிஞ்சியதும் பெரும்பாலும் மேலே சொன்ன தன்கலப்புப் பிள்ளையாகவே இருக்கும். எண்ணிப் பார்க்கும் ஆள் இல்லாமல் இந்த ஆராய்ச்சியில் யார் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது. அந்தச் செடிகள் எதுவும் ஆலைக்குப் போகவில்லை என்பதும் உண்மை. அதைக் குறையாகச் சொல்வது எங்களுக்கு உடன்பாடில்லை. எது எதோடு சேரும், சேர்ந்தால் எவ்வளவு தூரம் பிழைக்கும் என்ற எல்லைக்கோட்டைப் போட்டுக் கொடுத்தால்தான் அடுத்தவர் வயலுக்குப் போகும் ரகத்தை எடுக்க முடியும்.

அன்று எண்ணுவது லேசான வேலையில்லை. வேர்நுனியை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் தெரிவதை அப்படியே வரைய உதவும் கேமரா லூசிடா வைத்து ஒவ்வொரு குரோமோசோமையும் தாளில் வரைய வேண்டும். கரும்பின் குரோமோசோம் மிகச் சிறியது. நூறுக்கு மேல் ஒரே வட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும். கத்தி ஒரு செல்லின் குறுக்கே போய்விட்டால் பாதி ஒரு சீவலிலும் மீதி அடுத்த சீவலிலும் விழும். 80 இருக்க வேண்டிய இடத்தில் 74 என்று வரும். ஆகவே பல செல்களில் திரும்பத் திரும்ப எண்ணி ஒத்துப்பார்த்த பிறகே ஓர் எண்ணை எழுதுவார்கள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று நம் கல்லூரி மாணவர்களும் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் கையால் செய்து பார்க்க வழி இருக்கிறது. அதற்குப் பல்லடம், தொண்டாமுத்தூர் சின்ன வெங்காயமே போதும். அதில் 16 குரோமோசோம், கரும்பைப்போல் அல்லாமல் நீளமும் பருமனுமாக இருக்கும். வெங்காயத்தின் காய்ந்த வேரைச் சீவிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் இரண்டு சென்டிமீட்டர் வேர் வரும். காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் போட வேண்டும். பிறகு கழுவி, ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி சூட்டில் எட்டுப் பத்து நிமிடம். வேர் மெத்தென்று ஆகும். நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் தகட்டில் எடுத்து அசிட்டோகார்மின் சாயம் விட்டு, கொதிக்காமல் சூடுகாட்டி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்து, மையொற்றுத்தாளை மடித்துப் போட்டுக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும்.

பிரியும் செல்லே தெரியவில்லை என்றால் நுனியை விட்டுவிட்டு மேல்பகுதியை எடுத்துவிட்டீர்கள். செல்கள் குவியலாகக் கிடந்தால் அமிலத்தில் இருந்த நேரம் போதவில்லை. கிழிந்து சிதறிக் கிடந்தால் அழுத்தும்போது சில்லு வழுக்கிவிட்டது. குரோமோசோம் பிணைந்துகொண்டு எண்ண முடியாமல் இருந்தால், ஆல்கஹாலில் போடும் முன்பே பாரா-டைகுளோரோபென்சீன் நிறைந்த குளிர்ந்த தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். குரோமோசோம் குறுகி விலகி நிற்கும். கடையில் வாங்கும் அந்துருண்டை எல்லாமே இது அல்ல, பல நாப்தலின்தான். அதைப் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது. அமிலமும் இந்த மருந்தும் ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும். நவம்பர் 4 அவர் பிறந்த நாள். அன்று பேச்சுப்போட்டி வைப்பதற்குப் பதில் வகுப்புக்கு ஒரு நுண்ணோக்கியும் கால் கிலோ வெங்காயமும் வாங்கிக் கொடுக்கலாம்.

1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். செல்லியல் அறிஞர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த அட்லஸ் 1945-இல் வந்தது. ஒரு செடியை இன்னொன்றோடு சேர்க்க நினைப்பவர் முதலில் புரட்டிப் பார்க்கும் புத்தகமாக அது இருந்தது. 1955-இல் விரிவாக்கி வெளியிட்டபோது அட்டையில் டார்லிங்டனோடு இருந்தது வேறொருவர் பெயர். தங்கள் கட்டுரை இந்த நூலை ‘இரண்டு பதிப்பு கண்டது’ என்று ஒரே மூச்சில் சொல்லிப்போவதால் இதைக் குறிப்பிட வேண்டியதாயிற்று.

அடுத்து இங்கிலாந்தின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் அவர் கோல்ச்சிசின் என்ற மருந்தை வைத்து மக்னோலியா நாற்றுகளில் செய்த வேலை. மக்னோலியா நம் சண்பகத்தின் உறவு. கோல்ச்சிசினோ நம் வட்டாரச் சரக்கு: மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் கம்பி கட்டி வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதையை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவது இந்த மருந்துக்காகத்தான். பூவுக்குப் பூ காலையில் கையால் மகரந்தம் வைக்கும் அந்த விவசாயிகளுக்கு, அவர்கள் விற்கும் விதைக்குள் இருப்பது தாவர ஆராய்ச்சியையே திருப்பிப் போட்ட பொருள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை. செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோமை இரு பக்கமும் இழுத்துப் போகும் இழைகளை இது கட்டவிடாது. இழுக்க ஆள் இல்லாததால் இரண்டு மடங்கும் ஒரே செல்லில் தங்கிவிடும். நாற்றின் குருத்தில் நீர்த்த கரைசலைச் சொட்டாக விடுவதே முறை. சற்றுக் கூடினால் குருத்து கருகும். குறைந்தால் சில செல் மட்டும் மாறி, ஒரே செடியில் இரண்டு வகைத் திசு கலந்து நிற்கும். நாளாக ஆகப் பழைய செல்லே வளர்ந்து மாற்றத்தை மூடிவிடும். மாறியது எது என்று அறிய இலைத்துளையின் அளவையும் மகரந்த மணியின் அளவையும் பார்த்து, கடைசியில் எண்ணித்தான் தீர வேண்டும். விஸ்லியில் தேறிய மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரில் வளர்க்கப்படுகிறது. கோல்ச்சிசின் உயிரைக் குடிக்கும் நஞ்சு. கண்வலிக்கிழங்கு கிடைக்கிறதே என்று இதைப் பள்ளியில் செய்து பார்க்கவே கூடாது.

நேரு அழைத்ததன்பேரில் திரும்பி வந்து, 1952-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் தனி அலுவலராகப் பொறுப்பேற்றார். அந்தச் சீரமைப்பில் 1955-இல் தென்மண்டல அலுவலகம் கோவையில் வந்தது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) அதனோடு சேர்ந்தது. லாலி ரோடு வழியாகத் தினமும் பேருந்தில் போகிறவர்களுக்கு, தென்னிந்தியச் செடிகளின் பதிவேடு அங்கே அலமாரிகளில் இருப்பது தெரியாது. செடியைப் பூவோடும் காயோடும் எடுத்து, தாளுக்குள் பரப்பி, அழுத்திக் கட்டி, முதல் வாரம் தினமும் தாள் மாற்ற வேண்டும். ஒரு நாள் சோம்பினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்துவிடும். மாற்றும் தாள் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பழைய செய்தித்தாள்தான். தங்கள் இதழும் அந்த வகையில் அறிவியலுக்கு நிறையவே உதவியிருக்கும். எடுத்த ஊர், நாள், உயரம் எழுதாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பை.

பிற்காலத்தில் கேரளத்தின் சைலன்ட் வேலி அணைத் திட்டத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைக் கட்டுரை சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்த அணை ‘பவானியின் குறுக்கே’ வரவிருந்ததாக எழுதியிருப்பது தவறு. அது மேற்கே ஓடும் குந்திப்புழையின் குறுக்கே. நம் பவானி அதற்குக் கிழக்கே அட்டப்பாடி வழியாகச் சுற்றி வருகிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் வரலாற்றுத் திருத்தம் மட்டுமில்லை. கலப்பில் பிறந்த நல்ல கரும்பு எதுவும் நிரந்தரம் இல்லை. கரணை (வெட்டிய தடித்துண்டு) நட்டு வளர்ப்பதால் ஒரு ரகத்தின் எல்லாத் தடியும் ஒரே செடிதான். ஒரு தோட்டத்தில் செவ்வழுகல் நுழைந்தால் ஆலை எல்லை முழுக்கப் போகும். சர்க்கரைக் கட்டுமானத்தில் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவில்) பேர்போன ‘கோசி 671’ தமிழ்நாட்டில் அப்படித்தான் கைவிட்டுப்போனது. அதன் பிள்ளையான ‘கோ 86032’-ஐ இன்று கவுந்தப்பாடி சர்க்கரைக்கும் ஆலைக்கும் நம்பியிருக்கிறோம். (தடியை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டும் புளித்த வாடையும் இருந்தால் அது செவ்வழுகல். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கரணைகூட விதைக்கு எடுக்கக் கூடாது.) நோய் தன்னை மாற்றிக்கொள்ளும்போது புதுச் சக்தியைத் தேடிப் போக வேண்டிய இடம் மறுபடியும் நாணல்தான்.

அந்த நாணல் நம் நொய்யல் கரையிலும் குளக்கரைகளிலும் நிற்கிறது. தூர் வாரும்போது பொக்லைன் வைத்துக் கரையோடு வழித்து எடுத்துவிடுகிறார்கள். வயலுக்குள் அது பொல்லாத களை என்பதை மறுக்கவில்லை. கிழங்கு ஓடிப் பரவினால் உழவனுக்குத் தீராத தொல்லை, பனாமா கால்வாய்ப் பக்கம் அதை ஒழிக்கப் படாதபாடு படுகிறார்கள். ஆற்றங்கரையில் அப்படியில்லை, மண்ணைப் பிடித்து நிறுத்தும். தூர் வாரும் பணியை ஒப்படைக்கும்போதே, கரையின் மேல்சரிவில் ஆங்காங்கே திட்டுத்திட்டாக நாணலை விட்டுவைக்க வேண்டும் என்று நீர்வளத் துறை ஒரு விதி சேர்க்கலாம். அதற்கு முன்னால் தாவரவியல் படிக்கும் மாணவர்கள் பேரூரிலிருந்து ஒரத்துப்பாளையம் வரை நடந்து, ஒவ்வோர் இடத்து நாணலிலும் வேரோடு ஒரு தூர் எடுத்து, இடம் எழுதிய தகடு கட்டித் தொட்டியில் வளர்த்து, வேர்நுனியை எண்ணிப் பார்க்கலாம். எல்லாமே 64-ஆ, வேறு எண்ணும் உண்டா என்பது நல்ல முதுகலை ஆய்வு. செலவும் பெரிதாக வராது.

தலைப்பைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். அப்போது இன்னும் இரண்டைச் சேர்த்துவிடுங்கள். கட்டுரை அவர் பிறந்த ஆண்டை 1907 என்கிறது. அவர் தலச்சேரியில் பிறந்தது 1897-இல். பத்மஸ்ரீ கிடைத்த 1977-இல் அவருக்கு வயது எழுபதோடு நிற்கவில்லை, எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசிக்காலத்தில் கோவையில் வாழ்ந்ததாகக் கட்டுரை முடிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுநிலை விஞ்ஞானியாக இருந்து, அதன் மதுரவாயல் களஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 1984 பிப்ரவரி 7 அன்று அங்கேயே மறைந்தார்.

இப்படிக்கு,
கரும்பு இனப்பெருக்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள்,
வடவள்ளி, கோவை.